தெள்ளுச் சந்தை: எடைக்கும் விலைக்கும் நடுவே

1883 நவம்பர் 24ஆம் தேதி, பாரிஸ் வட்டாரத்தின் அரசு நிர்வாகத் தலைவராக இருந்த யூஜீன் புபெல் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். கட்டட உரிமையாளர்கள் குடியிருப்போருக்குக் குப்பைத் தொட்டி வைத்துத் தர வேண்டும். அழுகும் குப்பைக்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று என மூன்று தொட்டிகள். அதுவரை வீட்டுக் குப்பை பெரும்பாலும் தெருவோரத்தில் குவியலாகக் கிடக்கும். வண்டி வந்து அள்ளுவதற்குள் கந்தல் பொறுக்குவோர் அதைக் கிளறித் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். 1884 ஜனவரியில் ஆணை நடைமுறைக்கு வந்தபோது அவர்களுடைய பிழைப்பில் மண் விழுந்தது. நாளேடுகள் அவர்களுக்காகப் பரிந்து எழுதின, விதிகள் ஓரளவு தளர்ந்தன, ஆனால் தொட்டி நிலைத்துவிட்டது. பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு இன்றும் அந்த அதிகாரியின் பெயர்தான். உலகம் முழுவதும் 'ஃப்ளீ மார்க்கெட்' என்று வழங்கும் சந்தையின் பிறப்பை இந்த ஆணையிலிருந்தும், இதே காலத்தில் ஆலைகளில் நடந்த இன்னொரு மாற்றத்திலிருந்தும் தொடங்கினால்தான் அந்தச் சொல்லின் பொருளைப் பிடிக்க முடியும். அகராதிகள் அதைப் 'பழைய பொருட்கள் விற்கும் திறந்தவெளிச் சந்தை' என்று முடித்துவிடுகின்றன. அந்த விளக்கத்தில் தவறில்லை. ஆனால் யார் விற்றார்கள், விற்ற பொருள் அதற்குமுன் என்னவாக இருந்தது என்ற இரண்டு கேள்விகளும் அதில் இல்லை. அவை இல்லாமல் இந்தச் சந்தைக்குத் தனிப்பெயர் எதற்கு என்றே விளங்காது.

கந்தல் பொறுக்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் கட்டுக்கோப்பான தொழில். முதுகில் பிரம்புக் கூடை, ஒரு கையில் கொக்கி, மறு கையில் விளக்கு. 1828 முதல் காவல்துறை வழங்கிய உலோக வில்லையை அணிந்தால்தான் இரவில் நடமாடலாம். தொழிலுக்குள் படிநிலையும் இருந்தது. தெருத்தெருவாக அலைபவர் அடித்தட்டு. குறிப்பிட்ட சில கட்டடங்களின் குப்பை தனக்கே என்ற வழக்க உரிமை பெற்றவர் அதற்கு மேல். அந்த உரிமையை அவர் விற்கலாம், பிள்ளைக்கும் விட்டுப் போகலாம். இவர்கள் கொண்டுவருவதை எடைபோட்டு வாங்கித் தரம் பிரித்து ஆலைகளுக்கு அனுப்பும் மொத்த வியாபாரி உச்சியில் இருந்தார். பருத்தி, லினன் கந்தல் காகித ஆலைக்குப் போனது. எலும்பு பொத்தானாகவும் பசையாகவும், சர்க்கரையை வெளுக்க உதவும் கரியாகவும் ஆனது. முயல் தோல் தொப்பிக்காரரிடம் சென்றது, உடைந்த கண்ணாடி உலைக்குத் திரும்பியது, தகர டப்பா பொம்மையானது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: எல்லாம் எடைக்குப் போனவை. ஒரு சட்டை யாருடையது, எப்படித் தைக்கப்பட்டது என்பது தராசில் ஏறியதும் மறைந்துவிடும். மிஞ்சுவது இத்தனை கிலோ நார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த நம்மூர் வண்டிக்காரரின் கணக்கும், காயலான் கடையின் கணக்கும் இதுவேதான்.

இந்த எடைக் கணக்கு சரிந்ததற்குக் காரணம் புபெலின் தொட்டி மட்டுமன்று. 1840களில் ஜெர்மனியில் மரத்தை அரைத்துக் காகிதக் கூழ் செய்யும் முறை உருவானது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது ஐரோப்பிய ஆலைகளில் பரவியது. கந்தல் இல்லாமலே காகிதம் செய்யலாம் என்றானபின் கந்தலின் விலை வீழ்ந்தது. பொறுக்குவோரின் வருமானத்தைத் தாங்கி நின்ற தூணே கந்தல்தான். ஒருபக்கம் தொட்டியால் சரக்கு குறைந்தது; மறுபக்கம் கிடைத்த சரக்குக்கும் எடை விலை இறங்கியது. இந்த நிலையில் ஒரு பூட்டையோ கடிகாரத்தையோ ஒற்றை விளக்கையோ தராசில் போடுவதைவிடத் துடைத்துத் தரையில் விரித்து, பூட்டாகவும் கடிகாரமாகவும் விளக்காகவும் விற்பதில் லாபம் அதிகம். பழம்பொருள் விற்பனை அதற்கு முன்பும் உண்டு, ஐயமில்லை. லண்டனில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ரோஸ்மேரி சந்தில் கந்தல் சந்தை கூடியது. ஜப்பானில் செதகயா பகுதியின் சந்தை 1578இல் தொடங்கி, பின்னர் பழந்துணியும் கந்தலும் மிகுந்து விற்கப்பட்டதால் 'போரோ-இச்சி', அதாவது கந்தல் சந்தை, என்ற பெயரில் இன்றும் டிசம்பரிலும் ஜனவரியிலும் நடக்கிறது. ஆனாலும், குப்பையைப் பொறுக்கியவர்களே பெருந்திரளாக விற்பவர்களாகவும் மாறி, அந்த மாற்றம் ஒரு புதுப் பெயரைப் பெற்ற இடம் பாரிஸின் எல்லைதான்.

எல்லை என்பதை இங்கே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ள வேண்டும். 1841க்கும் 1844க்கும் இடையே பாரிஸைச் சுற்றிக் கோட்டை மதில் எழுப்பப்பட்டது. அதற்கு வெளியே 250 மீட்டர் அகலத்துக்கு நிலையான கட்டடம் எதுவும் கட்டக் கூடாது என்ற ராணுவத் தடை இருந்தது. கட்டக் கூடாத நிலத்தில் குடிசை போடத்தான் ஏழைக்கு இடம் கிடைக்கும். 'ஸோன்' எனப்பட்ட அந்தப் பட்டையில் கந்தல் பொறுக்குவோர் குடியேறினர். ஒளிப்படக் கலைஞர் யூஜீன் அத்ஜே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களையும் அவர்களுடைய வண்டிகளையும் குவியல்களையும் படமெடுத்து வைத்திருக்கிறார். நகருக்குள் நுழையும் மதுவுக்குச் சுங்கம் உண்டு, மதிலுக்கு வெளியே இல்லை. ஆகவே மலிவான மதுக்கடைகளைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தார் வெளியே வந்தனர். விற்பவனும் வாங்குபவனும் ஓரிடத்தில் சேர இதைவிட என்ன வேண்டும்? வடக்கே கிளின்யான்கூர் வாயிலுக்கு அப்பால் இருந்த சேன்-துவான் ஊராட்சி 1885இல் அந்த இடத்தைச் செப்பனிட்டுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. சந்தையின் முறையான தொடக்கமாக அந்த ஆண்டையே கொண்டாடுகிறார்கள். 1908இல் மெட்ரோ ரயிலின் நான்காம் தடம் கிளின்யான்கூர் வாயில்வரை வந்தது. 1920இல் ரோமேன் வெர்னேசன் என்ற நிலவுடைமையாளர் தன் மனையில் கொட்டகைகள் போட்டு வாடகைக்கு விட்டார். பிறகு பிரோன், மாலிக், ஜூல் வாலே என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைகள் எழுந்தன.

அந்த இடத்துக்கு வந்த பெயர் 'மார்ஷே ஓ புய்ஸ்': தெள்ளுப்பூச்சிகளின் சந்தை. மதில்மேல் நின்று கீழே பார்த்த யாரோ ஒரு நகரவாசி கிண்டலாகச் சொன்னது ஒட்டிக்கொண்டது என்று ஒரு கதை உண்டு. சான்றில்லாத கதைதான், என்றாலும் அந்தப் பார்வையின் திசையை அது சரியாகக் காட்டுகிறது. மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே பார்த்தவர் வைத்த பெயர் அது. தரையில் துணி விரித்து உட்கார்ந்தவர் தன் கடைக்கு அப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டார். ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1920களில்தான் அச்சில் தென்படத் தொடங்குகிறது, அதுவும் பாரிஸ் சந்தையைக் குறித்தே. அங்கிருந்து ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், ஸ்பானிய மொழிகளில் தெள்ளு அப்படியே மொழிபெயர்ந்தது. வேறு பூச்சிகளும் உண்டு: துருக்கியில் பேன் சந்தை, யாஃபாவில் மூட்டைப்பூச்சிச் சந்தை. பூச்சி இல்லாத இடத்தில் திருடன் இருப்பான். மும்பையில் சோர் பஜார், சிங்கப்பூர் சுங்கை சாலையில் திருடர் சந்தை, லிஸ்பனில் 'ஃபெய்ரா த லாத்ரா' (திருடியின் சந்தை என்றே பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள்). சென்னையின் குஜிலி கடைத்தெருவுக்கும் அந்தப் பேச்சு உண்டு. மும்பைச் சந்தையின் பெயர் இரைச்சலைக் குறிக்கும் 'ஷோர்' என்பதிலிருந்து திரிந்தது என்பார்கள். இருக்கலாம், அப்படியானால், இரைச்சலாக இருந்தது ஏன் வேறெதுவாகவும் திரியாமல் திருட்டாகத் திரிந்தது என்பதும் ஒரு சான்றுதான்.

தெள்ளுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. நியூயார்க்கில் பதினெட்டாம் நூற்றாண்டில் மெய்டன் லேன் அருகே 'ஃப்ளை மார்க்கெட்' என்ற சந்தை இருந்தது. பள்ளத்தாக்கைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது, பின்பு 'ஃப்ளீ' ஆயிற்று என்பது ஒரு வாதம். பாரிஸில் அகன்ற சாலைகள் போடப்பட்டபோது விரட்டப்பட்ட வியாபாரிகள் ஓடிப்போய் அமைத்தது, ஆகவே ஓடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே மூலம் என்பது மற்றொன்று. இரண்டும் நிற்கவில்லை. நியூயார்க் சந்தை இறைச்சியும் மீனும் காய்கறியும் விற்ற இடம். பழம்பொருளுக்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லை. அது மூடி ஒரு நூற்றாண்டு கழிந்தபின்தான் புதிய சொல் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்குகிறது. இரண்டாவது வாதம் ஆங்கில ஒலி ஒற்றுமையை மட்டுமே நம்பியிருக்கிறது. பிரெஞ்சில் தெள்ளுக்கும் ஓட்டத்துக்கும் அப்படி எந்த ஒலி உறவும் இல்லை. ஆனாலும் இந்த விளக்கங்கள் ஏன் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன என்பது கவனிக்கத் தக்கது. ஜப்பானில் பூச்சிப் பெயரோடு இணையாக 'ஃப்ரீ மார்க்கெட்' என்ற சொல்லும் நிலைத்திருக்கிறது. தான் விரும்பிப் போகும் இடத்துக்கு அசிங்கமான பெயர் இருப்பது பலருக்கு உறுத்துகிறது, அதைத் துடைக்க ஒரு வழி தேடுகிறார்கள். துடைக்கக் கூடாது என்பது என் கருத்து. பெயரில் இருக்கும் இழிவு அந்தச் சந்தையின் வரலாற்றைச் சேர்ந்தது.

அந்த இழிவு மருத்துவ அறிவிலிருந்து வந்ததில்லை என்பதைக் காலவரிசையே காட்டுகிறது. தெள்ளு பிளேக் நோயைப் பரப்புகிறது என்பதை போல்-லூயி சிமோன் கராச்சியில் சோதனை செய்து கண்டது 1898இல். ஆடைப் பேன் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புகிறது என்பதை ஷார்ல் நிகோல் துனிஸ் நகரில் நிறுவியது 1909இல். சேன்-துவான் சந்தை உருவான 1880களில் தெள்ளு ஒரு நோய்க் காரணி என்று யாருக்கும் தெரியாது. அது ஏழ்மையின் அடையாளம், அவ்வளவே. பெயர் பொருளைவிட ஆளைத்தான் குறித்தது. தமிழில் 'பொறுக்கி' என்பது வசைச்சொல்லாகிவிட்டதே, அதே மனப்போக்கு. ஆனால் அச்சமே ஆதாரமற்றது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1920இல் பாரிஸின் வடக்குப் புறநகர்க் குடிசைகளில் உண்மையாகவே பிளேக் வந்தது. கந்தல் பொறுக்குவோரின் பிளேக் என்றே அது பெயர் பெற்றது; நூறு பேர் அளவில் பாதிக்கப்பட்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பீதி பரவாமலிருக்க அதிகாரிகள் 'ஒன்பதாம் எண் நோய்' என்று பூடகமாக எழுதினர். அரசியல்வாதிகள் சிலரும் பத்திரிகைகள் சிலவும் கிழக்கிலிருந்து வந்த யூத ஏழைகள்மேல் பழி போட்டனர். நோய் பரவியது எலியாலும் தெள்ளாலும் நெருக்கடியான குடிசையாலும். அவை அங்கே குவிந்ததற்குக் காரணம், வேறெங்கும் குடியிருக்க விடப்படாத மக்கள் அங்கே இருந்தார்கள் என்பது. பழந்துணியை வெந்நீரில் அவித்தும் நீராவி காட்டியும் சுத்தம் செய்யலாம். அந்த வழி தெரிந்த பிறகும் பூச்சிப் பெயர் மாறவில்லை, ஏனென்றால் அது முதலிலிருந்தே பூச்சியைப் பற்றிய பெயராக இல்லை.

பெயரின் பொருள் அதுவென்றால், சந்தையின் பொருள் என்ன? மதிப்பு முடிந்துவிட்டது என்று ஒருவர் கைவிட்ட பொருளுக்கு, அதை அறிந்த இன்னொருவர் மறுபடி மதிப்புக் கொடுக்கும் இடம் அது என்பேன். தராசிலிருந்து பொருளை இறக்கி எடுப்பதுதான் அங்கே நடக்கும் வேலை. அமெரிக்காவின் மத்தியமேற்குப் பகுதியில் பழைய உலோகம் வாங்கி விற்கும் ஒருவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தங்க முட்டையைச் சுமார் 14,000 டாலருக்கு வாங்கினார். தங்கத்தின் எடையைக் கணக்கிட்டுக் கொடுத்த விலை அது. உருக்கி விற்று ஒரு சிறு லாபம் பார்ப்பதே திட்டம். அவர் எடைக் கணக்கைச் சற்று மிகையாகப் போட்டுவிட்டதால் உருக்குபவர்கள் அந்த விலைக்கு வாங்க மறுத்தனர், முட்டை வீட்டிலேயே கிடந்தது. 2012இல் இணையத்தில் தேடியபோதுதான் அது 1887இல் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தர் தன் மனைவிக்காக ஃபபெர்ஜே பட்டறையில் செய்வித்த ஈஸ்டர் முட்டை என்று தெரிந்தது. 2014இல் லண்டன் வணிகர் ஒருவர் வழியாக அது கைமாறியபோது மதிப்பு கோடிக்கணக்கான டாலர். இடைப்பட்ட ஆண்டுகளில் தங்கம் ஒரு குன்றிமணியளவும் கூடவில்லை. எடைக்கும் பொருளுக்கும் இடையேயான தூரத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன். 1989இல் பென்சில்வேனியாவின் ஆடம்ஸ்டவுன் சந்தையில் சட்டம் அழகாயிருக்கிறதே என்று 4 டாலருக்கு வாங்கப்பட்ட படத்தின் பின்னால், 1776ஆம் ஆண்டு ஜூலையில் அச்சான அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் பிரதி மடித்து வைக்கப்பட்டிருந்தது. 1991இல் அது 24 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. புகாரெஸ்ட் சந்தையில் நூறு யூரோவுக்குக் கிடைத்த தட்டச்சுப் பொறி போன்ற ஒன்று இரண்டாம் உலகப் போரின் எனிக்மா மறைகுறிப் பொறி. 2017இல் 45,000 யூரோவுக்கு விற்றது. சந்தையில் அதை வாங்கியவர் ஒரு கணிதப் பேராசிரியர், என்ன பொருள் என்று தெரிந்தே வாங்கினார்.

இவை லாட்டரிச் சீட்டுகள், இவற்றை வைத்து ஒரு நிறுவனத்தை வரையறுக்கக் கூடாது என்று சொல்லலாம். எண்ணிக்கையைப் பார்த்தால் சரியே. அரசகுலத்து முட்டை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கிடைப்பதில்லை. அன்றாடம் நடப்பது சிறிய அளவிலான அதே செயல்தான்: நூற்றாண்டுப் பழமையான கதவுக்குப் பொருந்தும் ஒற்றைக் கைப்பிடி, தொழிற்சாலை நின்றுபோன தையல் இயந்திரத்தின் ஓடம், தொகுதியில் குறைந்த ஒரே கோப்பை, எந்த நூலகமும் வாங்காத துண்டுப் பிரசுரம். குஜிலியில் அரையணாவுக்கும் காலணாவுக்கும் விற்ற சிந்துகளையும் கொலைச் செய்திப் பாடல்களையும் அன்றைய படித்தோர் மதிக்கவில்லை, ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று ஒரு நூலே எழுதும் அளவுக்குப் பிற்காலத்தில் அவை வரலாற்றுச் சான்றுகளாயின. கவிஞர் ஆந்த்ரே பிரத்தோன் 1934இல் சிற்பி ஜாக்கோமெத்தியோடு சேன்-துவானுக்குப் போய், காம்பின் அடியில் சிறு செருப்பு செதுக்கிய ஒரு மரக் கரண்டியை வாங்கினார். ஜாக்கோமெத்தி ஓர் உலோக முகமூடியை வாங்கினார். சர்ரியலிசக் கலைக் கொள்கையில் 'கண்டெடுத்த பொருள்' என்ற கருத்து அழுத்தம் பெற்றதில் அந்த நாளுக்குப் பங்கு உண்டு. அவர்கள் கரண்டி தேடிப் போகவில்லை. தேடாததைக் கண்டெடுப்பதற்கான இடம் நகரத்தில் வேறெங்கும் இல்லை என்பதால் போனார்கள்.

சேன்-துவான் சந்தை உருவான காலத்தில் மதிலுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1852 முதல் அரிஸ்தீத் பூசிகோ 'போன் மார்ஷே' கடையை உலகின் முன்னோடிப் பல்பொருள் அங்காடியாக வளர்த்தார். விலைச் சீட்டு ஒட்டிய பொருள், பேரம் கிடையாது, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். புதுச்சரக்கின் விலை உற்பத்திச் செலவிலிருந்து கணக்காகி வருவதால் அது ஒட்டும் சீட்டாக மாற முடிந்தது. கைவிடப்பட்ட பொருளுக்கு அப்படிக் கணக்கு எதுவும் கிடையாது. அதன் விலை இரண்டு பேரின் அறிவுக்கும் தேவைக்கும் பொறுமைக்கும் நடுவே அந்த நேரத்தில் உருவாகிறது. ஆகவே பேரம் தெள்ளுச் சந்தையின் பழங்கால எச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழக்கமில்லை; நிலைத்த விலை நகரின் நடுவே குடியேறியபோது, விலை நிலைக்க முடியாத பொருட்கள் எல்லைக்குப் போயின. ஒரே பொருளாதாரத்தின் இரண்டு பக்கங்கள் ஒரே தலைமுறையில், சில கிலோமீட்டர் தொலைவில் பிறந்தன. அங்காடி எவ்வளவு அதிகம் விற்றதோ, சில ஆண்டுகள் கழித்து அவ்வளவு அதிகம் குப்பைக்கு வந்தது.

இந்த மறுமதிப்பீடு நடக்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு: உட்காரும் இடம் மலிவாக இருக்க வேண்டும். கைவிடப்பட்ட பத்துப் பொருட்களில் ஒன்பது விலை போகாது, அல்லது சில நாணயங்களுக்குப் போகும். இடவாடகை ஏறினால் விற்பவர் நிச்சய மதிப்புள்ளதை மட்டுமே கொண்டுவருவார். மதிப்பு ஏற்கெனவே தெரிந்த பொருளுக்கு மறுமதிப்பீடு தேவையே இல்லை. சேன்-துவானில் நடந்தது இதுதான். இன்று சுமார் ஏழு ஹெக்டேர் பரப்பில் கூரையும் சந்துகளும் கொண்ட பல சந்தைகள் சனி, ஞாயிறு, திங்களில் கூடுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு மேசைகளும் புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களின் நாற்காலிகளும் அங்கே கிடைக்கும். 2001இல் அந்தப் பகுதிக்கு மரபுப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. போல் பெர், செர்ப்பெத் என்ற இரண்டு சந்தைகளை 2005இல் பிரிட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுக் குடும்பத்தின் சொத்து நிறுவனம் வாங்கி 2014இல் விற்றது. குடியேறத் தடை செய்யப்பட்ட நிலம் ஐரோப்பாவின் பெருஞ்செல்வர்களின் முதலீடானது. இது இயல்பான வளர்ச்சிதானே, ஏழைச் சந்தை பணக்காரச் சந்தையானால் ஊருக்கு நல்லதுதானே என்ற வாதத்துக்கு வலு உண்டு. பழுதுபார்க்கும் தச்சர், திரைச்சீலை நெய்பவர், வரலாறு தெரிந்த வணிகர் என்று நூற்றுக்கணக்கானோர் அங்கே நேர்மையாகப் பிழைக்கிறார்கள். அவர்களுடைய அறிவு அரியது. நான் மறுப்பது ஒன்றைத்தான்: பெயர் அங்கே தங்கிவிட்டதால் பொருளும் அங்கேயே இருக்கிறது என்ற எண்ணத்தை.

பொருள் எங்கே போனது என்பதை அதிகம் தேட வேண்டியதில்லை. மெட்ரோ நிலையத்துக்கும் சந்தைக்கும் நடுவே, பழைய மதில் இருந்த இடத்தை ஒட்டி ஓடும் சுற்றுவட்டச் சாலையின் பாலத்தடியிலும் ஓரங்களிலும் இன்றும் தரையில் துணி விரித்து விற்கிறார்கள். தொட்டியில் கிடைத்த செருப்பு, சார்ஜர், பொம்மை, சமையல் பாத்திரம். 'பிஃபேன்' என்று பெயர். கந்தல் பொறுக்குவோரைக் குறித்த பழைய பேச்சுவழக்குச் சொல்லேதான். முதியோர், குறைந்த ஓய்வூதியக்காரர், புதிதாகக் குடியேறியவர் அவர்களில் மிகுதி. 2009 அக்டோபரில் பாரிஸ் மாநகராட்சி மோன்மார்த்ர் வாயிலருகே அவர்களுக்காக நூறு இடங்கள் கொண்ட சதுக்கம் ஒன்றை அனுமதித்தது. 'ஒரோர்' என்ற தொண்டு நிறுவனம் அதை நடத்தியது. 2011இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமோ அனுமதியின்றிப் பொது இடத்தில் விற்பதை ஆறு மாதச் சிறையும் 3,750 யூரோ அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாக்கியது. இடம் கொடுக்கும் கையும் விரட்டும் கையும் இரண்டே ஆண்டு இடைவெளியில் நீண்டன. வேறு நகரங்களின் கதையும் இதை ஒட்டியே போகிறது. இட வாடகை இல்லாமல் 1930களிலிருந்து நடந்துவந்த சிங்கப்பூர் சுங்கை சாலைச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. தில்லி தரியாகஞ்ச் நடைபாதையின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை 2019இல் நீதிமன்ற உத்தரவால் அகற்றப்பட்டு மதிலுக்குள் ஒரு வளாகத்துக்கு மாற்றப்பட்டது. 1900இல் திறந்த சென்னை மூர் மார்க்கெட் 1985 மே மாதத்தில் எரிந்தது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள், நடந்துபோகிறவன் தற்செயலாக நின்று குனியும் வாய்ப்பு போய்விட்டது.

விரட்டுவதற்கு எப்போதும் சொல்லப்படும் காரணம் திருட்டுப் பொருள். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் 'வெளிப்படைச் சந்தை' என்ற பழைய சட்ட விதி இருந்தது: முறையான திறந்தவெளிச் சந்தையில், பகல் வெளிச்சத்தில், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே பொருள் சொந்தம், அது திருடப்பட்டதாயினும். லண்டன் பெர்மண்ட்சி சந்தையில் விடியலுக்கு முன்பே டார்ச் விளக்கோடு வணிகர்கள் கூடியதும் இந்த விதியும் சேர்ந்து பல சங்கடங்களை உண்டாக்கின. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதி ஒழிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஒருவர் மேற்கு வர்ஜீனியாச் சந்தையில் 7 டாலருக்கு வாங்கியதாக 2012இல் சொன்ன சிறிய ரெனுவார் ஓவியம், 1951இல் பால்டிமோர் அருங்காட்சியகத்திலிருந்து களவு போனது என்று தெரியவந்து, 2014இல் நீதிமன்றத் தீர்ப்பால் அங்கேயே திரும்பியது. ஆனால் அந்த ஓவியம் வெளிவந்தது ஏலத்துக்கு வந்தபோதுதான். திருடிய பெரும்பொருள் தரைக்கடைக்கு வருவதைவிடப் பூட்டிய அறைகளுக்கும் கண்ணாடிக் கடைகளுக்கும் போவதே அதிகம் லாபம் தரும். பிரான்ஸில் பழம்பொருள் வணிகர் வாங்கியது ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். காவல்துறை அதைப் பார்க்கலாம். அந்த வகைப் பதிவைத் தரைக்கடைக்கும் எளிய வடிவில் கொண்டுவரலாம். மோன்மார்த்ர் சதுக்கத்தில் உறுப்பினர் அட்டை, புதுச்சரக்குக்கும் உணவுக்கும் போலிகளுக்கும் தடை என்ற விதிகளோடு செய்தும் காட்டினார்கள். திருட்டைத் தடுப்பதுதான் நோக்கமென்றால் ஆள் தெரிந்த இடத்தில் விற்கவிடுவதே உதவும், துரத்தித் துரத்தி இருட்டுக்குள் தள்ளுவது எதிர்விளைவையே தரும்.

கடைசியாக வருவது இணையம். ஈபே 1995இலும் பிரான்ஸின் லபோன்குவேன் 2006இலும் லிதுவேனியாவில் விண்டெட் 2008இலும் ஜப்பானில் மெர்க்காரி 2013இலும் தொடங்கின. வாடகை இல்லை, எல்லை இல்லை, தெள்ளும் இல்லை. இனித் தரைக்கடை எதற்கு? பெயர் தெரிந்த பொருளுக்கு இந்தக் கேள்வி நியாயமானது. பழைய கேமரா ஒன்றின் மாதிரி எண்ணைத் தட்டினால் உலகத்தின் எல்லாப் பிரதிகளும் வரிசையாக வந்து நிற்கும், விலையும் தானாகவே சமன்படும். ஆனால் தேடுபொறிக்குப் பெயர் வேண்டும். செருப்பு செதுக்கிய கரண்டிக்கு என்ன பெயர் தட்டுவது? ஃபபெர்ஜே முட்டையை அடையாளம் காட்டியது இணையம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை உலையிலிருந்து காத்து அத்தனை ஆண்டு வைத்திருந்தது பழைய உலோகம் வாங்கி விற்ற ஒருவரின் வீடு. தவிர, படமெடுத்து விவரமெழுதி உறையிட்டு அஞ்சலில் அனுப்பும் உழைப்பு, விலை குறைந்த பொருளுக்குக் கட்டுப்படியாகாது. வங்கிக் கணக்கும் அடையாள ஆவணமும் நிலையான முகவரியும் இல்லாதவருக்கு அந்தக் கதவு தொடக்கத்திலேயே சாத்தியிருக்கிறது. செயலிகள் எடுத்துக்கொண்டது வீட்டு அலமாரியைக் காலி செய்யும் நடுத்தர வகுப்பின் விற்பனையை. தொட்டியிலிருந்து எடுத்து விற்பவரின் இடத்தை அவை தொடவில்லை.

ஆகவே ஒரு நகரம் தன்னிடம் தெள்ளுச் சந்தை இருக்கிறது என்று சொல்லும்போது கேட்க வேண்டியது, அங்கே உட்கார என்ன செலவாகும், யாருக்கு அனுமதி என்பதை. நெதர்லாந்தில் ஏப்ரல் 27ஆம் தேதி அரசர் பிறந்தநாளன்று யாரும் உரிமமின்றித் தெருவில் பழைய பொருள் விற்கலாம். குழந்தைகள்கூடப் பொம்மைகளை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டில் ஒரு நாள். பிரான்ஸில் தன் வீட்டுப் பழைய பொருட்களை விற்க விரும்பும் குடிமகன் ஆண்டுக்கு இரண்டு முறை அதற்கான விற்பனை நாட்களில் கலந்துகொள்ளலாம். பதிவு பெற்ற வணிகர் நாள்தோறும் விற்கலாம். பிறர் எறிந்ததைப் பொறுக்கி, அதில் எது இன்னும் உயிரோடிருக்கிறது என்று அறிந்து விற்பவர் இந்த இரண்டு வகையிலும் சேரமாட்டார். விற்பது தன் வீட்டுப் பொருளில்லை, வணிகராகப் பதிவு செய்ய வருமானமும் போதாது. இந்தச் சந்தைக்குப் பெயர் வந்ததே அவரால். அவருக்கென்று பாரிஸ் ஒதுக்கிய நூறு இடங்கள் தேவைக்கு எட்டவில்லை. இடம் கிடைக்காதவர்கள் சதுக்கத்தைச் சுற்றிய நடைபாதையில், காவலர் வந்தால் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போக வசதியாக, துணியின்மேல்தான் பொருட்களைப் பரப்பினார்கள்.